பனியில குளிரை விட வேகமா வேற ஒண்ணு கொல்லும்

மதுரையில உக்காந்துகிட்டு பனிச்சரிவைப் பத்தி எழுத வந்துட்டாரா டாக்டர்னு சிரிக்கிறவங்க சிரிச்சிட்டு வாங்க. நீளமான த்ரெட் இது. டிசம்பர், ஜனவரிக்கு காஷ்மீர், மணாலி, சிக்கிம், உத்தரகாண்ட்னு டிக்கெட் போட்டு வச்சிருக்கிற வீட்டுல ஒருத்தராவது கடைசி வரைக்கும் வாசிச்சிருங்க.

போன வாரம் ஒரு சாயங்காலம். ஜவுளிக் கடை வச்சிருக்கிற ஒருத்தர், பத்து வருஷமா என்கிட்ட பி.பி.க்கு வர்றவர், மகனைக் கூட்டிட்டு வந்தார். பையனுக்கு 23 வயசு. ஐ.டி. வேலை.

"சார், இவனுக்கு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் வேணுமாம். ஏழு பேரு சேர்ந்து உத்தரகாண்ட்ல பனிமலை ஏறப் போறாய்ங்க. குளிர் தாங்குவானா மட்டும் பாத்துச் சொல்லுங்க."

பாத்தேன். நெஞ்சு சுத்தம், ஆக்சிஜன் 99, துடிப்பு சீரா இருக்கு. மாடு மாதிரி ஆரோக்கியம். குளிர் தாங்குவான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

"தம்பி, போற பாதையில பனிச்சரிவு அபாயம் எப்படின்னு கேட்டீங்களா?"

"அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க டாக்டர். இன்ஸ்டாவுல நல்ல ரிவ்யூ இருக்கு."

இந்தப் பதிலாலதான் இந்தப் பதிவு.

நம்ம ஊர்ல 'பனி'ங்கிற சொல்லே நம்மளை ஏமாத்துது. மார்கழி விடியக்காலையில புல்லு மேல இருக்கறதும் பனி. கார்த்திகையில ரோட்டை மறைக்கறதும் பனி. இமயமலையில ஆளுயரத்துக்குக் கொட்டிக் கிடக்கறதும் பனி. அதனால நம்ம பயமும் மார்கழிப் பனிக்கான பயமாவே நின்னுருது. காதுல மப்ளர் கட்டு, சளி பிடிக்காம பாத்துக்க, ஸ்வெட்டர் ரெண்டா எடுத்துக்க. அம்மா, பெரியம்மா, அத்தைனு மொத்தக் குடும்பமும் குளிருக்கு மட்டும்தான் தயார் பண்ணி அனுப்புது. ஆவி பிடிக்கிற மாத்திரையில இருந்து பருப்புப் பொடி வரைக்கும் பையில இருக்கும்.

பனிச்சரிவுல புதைஞ்சவங்கள்ல பெரும்பாலானவங்க குளிர்ல சாகறதில்ல. மூச்சுத் திணறிச் சாகறாங்க. ஏறக்குறைய நாலுல மூணு பேர் அப்படித்தான். மிச்சப் பேர்ல அதிகமானவங்க பாறையிலயும் மரத்துலயும் மோதி அடிபட்டுப் போறாங்க. குளிர்ல விறைச்சுச் சாகறது ரொம்பக் குறைவு. ஏன்னா குளிருக்கு அவ்வளவு நேரமே கிடைக்கிறதில்ல. பனிக்குள்ள புதைஞ்ச உடம்போட சூடு சராசரியா ஒரு மணி நேரத்துக்கு 3 டிகிரி போலத்தான் இறங்கும். மூச்சு அதுக்கு ரொம்ப முன்னாடியே நின்னுரும்.

எவ்வளவு முன்னாடி? 1994ல நேச்சர் இதழ்ல ஒரு கணக்கு வந்தது. புதைஞ்சு 15 நிமிஷத்துக்குள்ள வெளிய எடுத்தா நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல பிழைக்கிறாங்க. 35 நிமிஷம் ஆனா முப்பது பேர். ரொம்ப வருஷமா உலகம் பூரா 15 நிமிஷம்னுதான் பாடம் நடத்துனாங்க. 2024ல சுவிட்சர்லாந்தோட நாப்பது வருஷ விவரத்தை வச்சுத் திரும்பக் கணக்குப் போட்டாங்க. அந்த 15 நிமிஷம் 10 நிமிஷமாச் சுருங்கிருச்சு. பத்து நிமிஷத்துக்குள்ள எடுத்தா நூத்துக்கு 91. அரை மணி நேரம்னா 31.

பத்து நிமிஷத்தை நம்ம ஊர்க் கணக்குல சொல்றேன். சாயங்காலம் சிம்மக்கல்லுல இருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவுல போய்ச் சேருங்க பாப்போம். அந்த நேரத்துக்குள்ள ஒரு ஆளைப் பனிக்கடியில கண்டுபிடிச்சு, தோண்டி, முகத்தை வெளிய கொண்டு வரணும். ஹெலிகாப்டர் வராது. ராணுவம் வராது. பேரிடர் மீட்புப் படை வரும், ஆனா பத்து நிமிஷத்துல வராது. அந்த நேரத்துல உங்களைக் காப்பாத்தக்கூடியவங்க உங்க பக்கத்துல நிக்கிற ஆறு பேர் மட்டும்தான்.

இந்த இடத்துக்கு வந்ததும் அப்பாக்காரர் ஒரு கேள்வி கேட்டார். இதை எதிர்பார்த்தேன். யாரா இருந்தாலும் கேக்கற கேள்விதான்.

"சார், அந்த ராணுவ வீரர் ஆறு நாள் பனிக்குள்ள இருந்து உயிரோட வந்தாரே?"

ஆமா. லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட். 2016 பிப்ரவரி 3, சியாச்சின், 19,600 அடி உயரத்துல சோனம்னு ஒரு காவல் முகாம். 19வது மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த பத்துப் பேர் இருந்த முகாம் மேல பனிச்சுவர் இடிஞ்சு விழுந்தது. 150க்கும் மேற்பட்ட வீரர்கள், மோப்ப நாய்கள், ரேடார், பனிக்கட்டியை அறுக்கற கருவின்னு எல்லாத்தையும் மேல கொண்டு போய்த் தோண்டுனாங்க. ஆறாவது நாள் அவர் உயிரோட கிடைச்சார். கூடாரத்துக்குள்ள காத்து நின்ன ஒரு சின்ன இடைவெளிதான் அவரை வச்சிருந்ததுன்னு சொன்னாங்க. டெல்லி ராணுவ மருத்துவமனையில சேர்த்தாங்க. உடம்புல நீர் வத்தி, சர்க்கரை இறங்கி, நிமோனியாவும் சேர்ந்து, கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டு, பிப்ரவரி 11 அன்னிக்கு இறந்துட்டார். நாடே பிரார்த்தனை பண்ணுன மூணு நாள் அது. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

நம்ம ஞாபகத்துல தங்காத விஷயம் ஒண்ணு இருக்கு. அந்தப் பத்துப் பேர்ல நாலு பேர் தமிழ்நாட்டுக்காரங்க. ஒருத்தர் நம்ம மதுரை மாவட்டம் சொக்கத்தேவன்பட்டி, சிப்பாய் கணேசன். இன்னொருத்தர் பக்கத்துல தேனி மாவட்டம் குமணன்தொழு, லான்ஸ் ஹவில்தார் குமார். வெயில் காயற கரிசல் காட்டுப் பக்கத்துல இருந்து போனவங்க. பத்துல ஒன்பது பேரை உயிரில்லாமத்தான் எடுத்தாங்க. பத்தாவது ஆளும் மூணு நாள்தான் கூடுதலா இருந்தார்.

நாம எதைக் கதையாச் சொல்றோம்னு பாருங்க. ஒன்பது பேருக்கு நடந்ததை விட்டுட்டு, ஒருத்தருக்கு நடந்ததைப் பிடிச்சுக்கிட்டு "பனிக்குள்ள ஆறு நாள் கூட இருக்கலாம்"னு ஒரு நம்பிக்கையை வளர்த்து வச்சிருக்கோம். வார்டுல நான் தினம் பாக்கிற பழக்கம்தான் இது. எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் பீடி குடிச்சார் சார், ஒண்ணும் ஆகலன்னு சொல்லுவாங்கல்ல, அதே கணக்கு.

இன்னொண்ணு. அவங்க அங்க நின்னது கடமைக்காக. அந்தச் சரிவுக்குக் கீழ நிக்கவா வேணாமான்னு தேர்ந்தெடுக்கிற உரிமை அவங்களுக்கு இல்ல. லீவு போட்டுட்டு, காசு கட்டிட்டுப் போற நமக்கு இருக்கு.

சரி, பனிச்சரிவு எப்படி வருது? சினிமாவுல ஹீரோ துப்பாக்கியால சுட்டா, ஹீரோயின் சத்தமாக் கத்துனா மலை இடிஞ்சு வரும். அது பொய். மனுஷன் கத்துற சத்தத்துக்கெல்லாம் பனி சரியாது. தைரியமாக் கத்துங்க.

பனி ஒரே மூட்டையா விழறதில்ல. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒரு அடுக்கு. சில அடுக்கு கெட்டி, சில அடுக்கு சீனி மாதிரி பொலபொலன்னு இருக்கும். வீட்டுலயே செஞ்சு பாக்கலாம். ஒரு பலகையில ரவையைத் தூவுங்க. அது மேல கனமான ஒரு அட்டையை வைங்க. பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாச் சாய்ங்க. ஒரு கட்டத்துல அட்டை முழுசா ஒரே துண்டா வழுக்கிட்டு வரும். அந்த அட்டைதான் மேல இருக்கிற கெட்டிப் பனி. ரவைதான் பலவீனமான அடுக்கு. அட்டை அதுவரைக்கும் அசையாமத்தான் இருந்துச்சு, பாக்கறதுக்கு ரொம்பப் பத்திரமா. அது மேல ஒரு ஆள் நடந்து போற கனம் போதும்.

ஆள்களைக் கொல்ற பனிச்சரிவுல பெரும்பாலானது தானா வர்றதில்ல. அதுல மாட்டுன ஆளோ, அவர் கூட வந்தவரோ காலை வச்சதுலதான் கிளம்புது. வெளிநாட்டுக் கணக்குல பத்துல ஒன்பதுன்னு சொல்றாங்க. என்னைப் பொறுத்தவரைக்கும் இதுதான் இந்த விஷயத்துலயே ஆறுதலான தகவல். இடி மாதிரி, பூகம்பம் மாதிரி தலையில வந்து விழற விதின்னா நான் என்னத்த எழுதுறது? நாமதான் கிளப்பி விடறோம்னா, கிளப்பாம இருக்கவும் முடியும்.

எந்தச் சரிவு ஆபத்து? 30 டிகிரியில இருந்து 45 டிகிரி வரைக்கும். ரொம்பச் செங்குத்தா இருந்தா பனி தங்காம அப்பப்ப உதிர்ந்துரும். ரொம்பத் தாழ்வா இருந்தா வழுக்காது. நடுவுல இருக்கறதுதான் எமன். நம்ம வீட்டு மாடிப்படி இருக்குல்ல, அதோட சாய்வே ஏறக்குறைய 30 டிகிரி, சில வீட்டுல அதுக்கும் மேல. மாடிப்படி அளவுக்குச் சாய்வான பனிச்சரிவைப் பாத்தா அது மேலயும் போகாதீங்க, அதுக்கு நேர் கீழயும் நிக்காதீங்க. செல்போன்லயே சாய்வு அளக்கற ஆப் இருக்கு.

அந்த "நேர் கீழயும்"ங்கிறதைத்தான் நம்ம ஆளுக விடறாங்க. "நாங்க மலையெல்லாம் ஏறல டாக்டர், கார்ல போறோம், ரோட்டோரம் இறங்கி ரெண்டு போட்டோ எடுத்துட்டு வந்துருவோம்"னு சொல்றவங்க 2023 ஏப்ரல் 4ஆம் தேதியை ஞாபகம் வச்சுக்கணும். சிக்கிம், காங்டாக்ல இருந்து நாது லா போற ஜவஹர்லால் நேரு சாலை. சுற்றுலாப் பயணிகளுக்கு அன்னிக்கு 13வது மைல் வரைக்கும்தான் அனுமதி. ஒரு கூட்டம் 15வது மைல் வரைக்கும் போயிருச்சு. பனியில விளையாடிட்டு இருக்கும்போது மேல இருந்து சரிஞ்சது. ஏழு பேர் இறந்தாங்க. கயிறு கட்டி மலை ஏறுனவங்க இல்ல, நம்மள மாதிரி குடும்பமா வந்தவங்க. அதுவும் ஏப்ரல் மாசம். நம்ம ஊர்ல சித்திரைத் திருவிழாவுக்குப் பந்தக்கால் நடற நேரம்.

இன்னொரு நம்பிக்கை, "கூட வர்றவர் அனுபவசாலி". 2022 அக்டோபர் 4. உத்தரகாண்ட்ல திரௌபதி கா டண்டா சிகரம். உத்தரகாசியில இருக்கிற நேரு மலையேற்ற நிறுவனத்தோட பயிற்சிக் குழு. 27 பேர் உடல் மீட்கப்பட்டுச்சு. அதுல பயிற்சி கொடுக்கப் போனவங்கள்ல ஒருத்தர் சவிதா கன்ஸ்வால். அதே வருஷம் மே மாசத்துல எவரெஸ்ட்டையும் மகாலுவையும் 16 நாளுக்குள்ள ஏறி முடிச்சவர். நாட்டுலயே பேர் பெத்த நிறுவனம், எவரெஸ்ட் ஏறுன ஆள். பனிக்கு அதெல்லாம் தெரியாது. குல்மார்க்ல 2023 பிப்ரவரியில போலந்துக்காரங்க ரெண்டு பேர், 2024 பிப்ரவரியில ரஷ்யாக்காரர் ஒருத்தர். பனியிலயே பொறந்து வளந்த ஊர்க்காரங்க அவங்க.

அனுபவசாலியைத் திட்டறதுக்காக இதைச் சொல்லல. அனுபவம் ஒரு விதத்துல ஆபத்தும் கூட. நாப்பது தடவை ஒரு சரிவுல போய் ஒண்ணும் ஆகலன்னா, அது பத்திரமான சரிவுன்னு மனசு நம்பிரும். நாப்பது தடவை அதிர்ஷ்டம் இருந்ததான்னு மனசு யோசிக்காது. ஹெல்மெட் இல்லாம இருபது வருஷம் வண்டி ஓட்டுனவங்களைக் கேட்டுப் பாருங்க.

குரங்கணியை மதுரை டாக்டர்கள் மறக்க மாட்டோம். 2018 மார்ச் 11, ஞாயித்துக்கிழமை. போடிக்கு மேல காட்டுத்தீ. தீக்காயத்தோட தேனிக்கும் மதுரை அரசு மருத்துவமனைக்கும் கொண்டு வந்தாங்க. எல்லாம் சின்ன வயசுப் பிள்ளைங்க, வார விடுமுறைக்கு மலை ஏற வந்தவங்க. அடுத்தடுத்த நாள்கள்ல எண்ணிக்கை ஏறி 23ல நின்னது. தீ மேல் நோக்கி ஓடும், பனி கீழ் நோக்கி ஓடும். மத்ததெல்லாம் ஒண்ணுதான். காய்ஞ்சு கிடக்கற புல்லு மேல அந்த மாசத்துல போகலாமாங்கிற கேள்வி. யார் அனுமதி கொடுத்தாங்க, எந்தப் பாதைக்குக் கொடுத்தாங்கங்கிற கேள்வி. ஏதாவது ஆச்சுன்னா எந்தப் பக்கம் ஓடணும்னு கூட்டிட்டுப் போறவருக்குத் தெரியுமாங்கிற கேள்வி. இதெல்லாம் கிளம்பறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது. எங்க வார்டுக்கு வந்த பிறகு கேட்டு என்ன பிரயோஜனம்?

அதுக்கப்புறம் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்கு விதி வந்துச்சு. இப்ப வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு பாதைகளைத் திறந்து, வழிகாட்டியோட அனுப்புது. தீ சீசன்ல பாதையை மூடிருது. மூடுனா நாமளும் "சரி, அப்புறம் போலாம்"னு இருந்துடறோம். ஆனா அதே நாம காஷ்மீருக்குப் போனா, "இவ்வளவு காசு போட்டு வந்துட்டுத் திரும்பறதா?"ன்னு டிரைவர்கிட்ட சண்டை போடறோம். ஐநூறு ரூபாய் சேத்துக் குடுத்து "கொஞ்சம் மேல கூட்டிட்டுப் போ பையா"ங்கிறோம். நானே பாத்திருக்கேன். நாலு வருஷம் முன்னாடி மணாலி பக்கம் எங்க வண்டியில இருந்த ரெண்டு குடும்பம் அப்படிக் கேட்டாங்க. ஒருத்தர் பல் டாக்டர். டிரைவர் முடியாதுன்னுட்டார். அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டு மேசை பூரா அவர் மேல ஒரே குறை. நானும் வாயைத் திறக்கல. அதை நினைச்சா இன்னிக்கும் எனக்கு வெக்கமாத்தான் இருக்கு.

என் கருத்து இதுதான். பனிச் சீசன்ல உயரமான இடத்துக்கு ஆள் கூட்டிட்டுப் போறவங்க, அது ட்ரெக்கிங் குழுவோ, டூர் ஏஜென்ட்டோ, பதிவு பண்ணும்போதே பனிச்சரிவு பத்திப் பேசணும். பேசாதவங்ககிட்ட காசு கட்டாதீங்க. "எல்லாம் சேஃப் ப்ரோ"ன்னு பதில் வந்தா அதைப் பதிலா எடுத்துக்காதீங்க.

என்ன கேக்கணும்? பாதை எந்த இடத்துல செங்குத்தான சரிவைக் கடக்குது, இல்ல சரிவுக்குக் கீழ போகுதுன்னு கேளுங்க. முகாம் போடற இடம் எதுக்குக் கீழ இருக்குன்னும் கேளுங்க. தெரிஞ்சவர் மேப்பை எடுத்துக் காட்டுவார். அடுத்து, அன்னன்னைக்குப் பனிச்சரிவு எச்சரிக்கையை யார் பாக்கறாங்கன்னு கேளுங்க. இது ரகசியம் கிடையாது. சண்டிகர்ல டி.ஆர்.டி.ஓ.வோட டி.ஜி.ஆர்.இ.ன்னு ஒரு ஆய்வு நிறுவனம் இருக்கு. காஷ்மீர், இமாச்சல், உத்தரகாண்ட், சிக்கிம் பகுதிகளுக்கு, இந்த மாவட்டத்துல இத்தனை மீட்டருக்கு மேல இன்ன அளவு அபாயம்னு எச்சரிக்கை கொடுக்கறாங்க. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையங்கள் அதை வெளியிடுது, செய்தியிலயும் வரும். ட்ரெக் கூட்டிட்டுப் போறவருக்கு இந்தப் பேரே தெரியலன்னா எழுந்து வந்துருங்க.

கடைசியா, எங்க பாஷையில சொன்னா எமர்ஜென்சி ட்ரே. பனிச்சரிவுல அது மூணு பொருள். ஒண்ணு டிரான்ஸ்சீவர். நெஞ்சுல கட்டிக்கற சின்ன ரேடியோ. புதைஞ்சவர்கிட்ட இருக்கிற கருவி சிக்னல் அனுப்பும், மேல இருக்கறவர் தன் கருவியை வச்சு அவரைத் தேடலாம். ரெண்டாவது ப்ரோப். மடக்கி வைக்கற நீளமான கம்பி. சிக்னல் கிடைச்ச இடத்துல குத்திப் பாத்து ஆள் எந்த ஆழத்துல இருக்கார்னு கண்டுபிடிக்க. மூணாவது மண்வாரி. மண்வாரி எதுக்கு, கையால தோண்டலாமேன்னு நினைப்பீங்க. சரிஞ்சு நின்ன பனி பஞ்சு இல்ல. ஒரு கன மீட்டர் 300ல இருந்து 500 கிலோ வரைக்கும் இருக்கும், நின்ன உடனே சிமென்ட்டாட்டம் இறுகிரும். ஒரு மீட்டர் ஆழத்துல இருக்கறவரை எடுக்க ஒரு டன்னுக்கு மேல அள்ளணும். பத்து நிமிஷத்துல. கையுறை போட்ட கையால.

இந்த மூணும் ஒவ்வொருத்தர்கிட்டயும் இருக்கணும், பழகியும் இருக்கணும். தலைவர்கிட்ட மட்டும் இருந்தா, தலைவர் புதைஞ்சா என்ன பண்ணுவீங்க? நம்ம ஊர்ல இருந்து போற குழுக்கள்ல இதை நான் பாத்ததே இல்ல. இல்லாம போகவே கூடாதான்னா, போலாம். ஆனா அது இல்லாத குழுவுக்குச் சரிவுப் பக்கமே வேலை இல்ல. தட்டையான பனிக்காட்டுல, பைன் மரத்துக்கு நடுவுல, மேல செங்குத்தா எதுவும் தொங்காத இடத்துல நடக்கற பாதை எத்தனையோ இருக்கு. போட்டோவும் நல்லாத்தான் வரும்.

புதுசா நிறைய பனி கொட்டி ஒண்ணு ரெண்டு நாள்தான் ஆகுதுன்னாலோ, காத்து பலமா அடிச்சிருந்தாலோ, திடீர்னு வெயில் ஏறுனாலோ சரிவுப் பக்கம் போகாதீங்க. பக்கத்துல புதுசா சரிஞ்ச தடம் இருந்தாலும், நடக்கும்போது காலுக்கடியில 'வும்ப்'னு ஒரு அமுங்கற சத்தம் கேட்டாலும், பனியில விரிசல் ஓடுனாலும் வந்த வழியே திரும்பிருங்க. அந்த 'வும்ப்'தான் ரவை அடுக்கு உடையற சத்தம். சரிவைக் கடந்தே ஆகணும்னா ஒவ்வொருத்தரா, மத்தவங்க பத்திரமான இடத்துல நின்னு பாத்துக்கிட்டு. கும்பலாக் கைகோத்துப் போறது அழகர் ஆத்துல இறங்கும்போது சரி, இங்க கூடாது.

மாட்டிக்கிட்டா கத்துங்க. கையில இருக்கிற கம்பை விட்டுருங்க. பக்கவாட்டுல ஒதுங்கப் பாருங்க. பனி வேகம் குறையற நேரத்துல, அது நிக்கறதுக்கு முன்னாடியே, கையை முகத்துக்கு முன்னாடி கொண்டு வந்துருங்க. வாய்க்கு முன்னாடி ஒரு கைப்பிடி இடம் காத்துக்கு இருந்தாக்கூட கொஞ்ச நிமிஷம் கூடுதலாக் கிடைக்கும். நின்ன பிறகு விரலைக் கூட அசைக்க முடியாது.

வெளிய எடுத்தவங்களுக்கு ஒரு டாக்டரா நான் சொல்றது. முதல்ல முகம், அப்புறம் நெஞ்சு. முழு உடம்பையும் எடுக்கற வரைக்கும் காத்திருக்க வேணாம். வாய், மூக்குல அடைச்சிருக்கற பனியை எடுங்க. மூச்சு இல்லன்னா முதல்ல வாயோட வாய் வச்சு ஊதுங்க, கூடவே நெஞ்சழுத்தம். மாரடைப்புக்கு டி.வி.யில காட்டற மாதிரி வெறும் நெஞ்சழுத்தம் இங்க பத்தாது. தண்ணியில மூழ்குனவங்களுக்குச் செய்யற மாதிரிதான் இதுக்கும். ஏன்னா நின்னது காத்து. காத்தைத்தான் முதல்ல கொடுக்கணும். ரொம்ப நேரம் கழிச்சு எடுத்த ஆள் சில்லுன்னு இருந்தா படுத்த வாக்குலயே மெதுவாத் தூக்குங்க. குளிர்ந்த இதயம் முரட்டுத்தனமா அசைச்சா தாறுமாறாத் துடிக்க ஆரம்பிச்சுரும். கை காலைத் தேய்க்காதீங்க. சில்லுன்னு இருக்கார்ங்கிறதுக்காக செத்துட்டார்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. 1999ல நார்வேயில பனிக்கட்டிக்கு அடியில ஓடுன தண்ணியில மாட்டுன ஒரு பெண் டாக்டர், உடம்பு சூடு 13.7 டிகிரிக்கு இறங்கியும் பிழைச்சு வந்து திரும்ப வேலை பாத்தாங்க. அதுவும் அபூர்வக் கதைதான், மேல நான் திட்டுன மாதிரி அதைப் பிடிச்சுக்கிட்டு நம்பிக்கை வளர்க்காதீங்க. முயற்சியை நிறுத்தாம இருக்க மட்டும் வச்சுக்கங்க.

பிராந்தி பத்தி ஒரு வரி. குளிருக்கு ரெண்டு பெக் நல்லதுன்னு சொல்ற மாமா எல்லாக் குழுவுலயும் ஒருத்தர் இருப்பார். சாராயம் தோலுக்கு ரத்தத்தை அனுப்பி உள் சூட்டை வெளிய விடும். சூடா இருக்கற மாதிரி தோணும், உள்ள ஆறிக்கிட்டு இருக்கும். மேல திரும்பலாமா வேணாமான்னு முடிவெடுக்கற மூளையும் அதே நேரத்துல மங்கிரும்.

சர்டிஃபிகேட் கேட்டு வந்த தம்பிக்கு வருவோம். அப்பாக்காரர்கிட்ட சொன்னேன்: "அண்ணே, நான் கையெழுத்துப் போடறது உங்க மகனோட இதயத்துக்கும் நுரையீரலுக்கும். அந்த மலைச்சரிவுக்கு யார் கையெழுத்துப் போடறான்னு இவரைக் கேக்கச் சொல்லுங்க." பையனுக்கு முகம் சுருங்கிருச்சு. பெருசு பயமுறுத்துதுன்னு நினைச்சிருப்பாப்ல. சர்டிஃபிகேட்டை எழுதிக் கொடுத்தேன். கேள்விகளை ஒரு பிரிஸ்கிரிப்ஷன் தாள்ல எழுதி அதையும் கொடுத்தேன்.

நேத்து ராத்திரி பையனே போன் பண்ணுனாப்ல. குழுக்காரங்ககிட்ட கேட்டிருக்காப்ல. முதல்ல சிரிப்பு ஸ்மைலி வந்துச்சாம். திரும்பக் கேட்டதுக்கு, "இவ்வளவு பயம்னா வீட்டுல இருங்க ப்ரோ"ன்னாங்களாம். ஏழு பேர்ல மூணு பேர் விலகிட்டாங்க. நாலு பேர் போறாங்க. முன்பணம் ஆளுக்கு 5,000, திரும்ப வராதாம். இந்த மூணு பேரும் ஜனவரியில கீழ் மட்டத்துல ஒரு காட்டுப் பாதையில நடக்கலாம்னு பாத்துட்டு இருக்காங்க.

"அந்த நாலு பேருக்கும் உங்க தாளை போட்டோ எடுத்து அனுப்பிட்டேன் டாக்டர். ரெண்டு பேரு பாத்திருக்காய்ங்க. பதில் இல்ல."

அந்தத் தாள்ல இருந்ததைத்தான் இங்க விரிச்சு எழுதியிருக்கேன். அந்த நாலு பேர்ல யாராவது இதை வாசிச்சா, தம்பிகளா, கமெண்ட்ல கூட வேணாம், தனியா மெசேஜ் பண்ணுங்க. எந்த நேரமா இருந்தாலும் பரவால்ல. லே, லடாக் போறவங்க உயர நோய் மாத்திரை பத்திக் கேட்டிருந்தீங்க. அது வேற விஷயம், அடுத்த வாரம் தனியா எழுதறேன். அது வரைக்கும் யாரும் மெடிக்கல் ஷாப்ல நீங்களா வாங்கிப் போட்டுக்காதீங்க.